நடுவுல கேட்டா வராது: முதலாண்டு மருத்துவ மாணவி ஒருவரின் படிப்பு அழுத்தம் பற்றிய நிகழ்வு ஆய்வு

காவிரி டெல்டாவில் இருக்கும் ஒரு அரசு மருத்துவக் கல்லூரி. எம்.பி.பி.எஸ். முதலாண்டு மாணவி, வயது 20. மனநலப் புறநோயாளிப் பிரிவில் உளவியலாளராக நான் அவரைப் பார்த்தேன். அவருடைய ஒப்புதலோடுதான் இதை எழுதுகிறேன். அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பொது மருத்துவப் பிரிவிலிருந்து வந்த சீட்டில் 'எக்ஸாம் ஃபியர், கவுன்சலிங் தேவை' என்று ஒரே வரி. இப்படி வரும் வரிகளை நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. பரீட்சையைக் கண்டு மிரளும் பிள்ளை இரண்டு முறை நீட் எழுதி இந்த வாசல்வரை வந்திருக்காது.

வந்த விதம்

கூட்டிக்கொண்டு வந்தது அறைத்தோழி. அனாடமியில் (உடற்கூறியல்) ஒவ்வொரு பகுதி முடிந்ததும் வைக்கும் பார்ட் கம்ப்ளீஷன் டெஸ்ட் அன்று காலையில் வாந்தி, படபடப்பு, கை சில்லிட்டுப் போவது. மூன்று மாதமாக இப்படி. தூக்கம் மூன்று மணி நேரம், மிஞ்சினால் நான்கு. ஒரு டெஸ்டுக்கு, உடல்களை அறுத்துப் படிக்கும் டிசெக்‌ஷன் ஹால் வாசல்வரை போய்த் திரும்பிவிட்டார். அதற்கப்புறம் டெஸ்ட் இல்லாத நாட்களிலும் அந்தப் பக்கம் போகப் பிடிக்கவில்லை. ஃபார்மலின் வாடை வந்தாலே குமட்டல். வருகைப் பதிவு சரியத் தொடங்கியது அப்போதுதான்.

பொது மருத்துவத்தில் ஈ.சி.ஜி., தைராய்டு இரண்டும் பார்த்திருந்தார்கள், கோளாறு இல்லை. ஹீமோகுளோபின் மட்டும் 9.4. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வயிற்றுப் புண்ணுக்கான மாத்திரையோடு அனுப்பிவிட்டு, இரண்டாம் முறை வந்தபோது எங்களிடம் தள்ளிவிட்டார்கள்.

மருத்துவக் கல்லூரி மாணவருக்கு மனநலப் பிரிவின் வாசலில் உட்காருவது சின்ன விஷயமல்ல. சீட்டு போடும் ஊழியருக்குத் தெரிந்த முகம். உள்ளே இருக்கும் பி.ஜி. (முதுநிலை மாணவர்) நாளை அவருக்கு வகுப்பெடுக்கலாம். இந்த மாணவி வெள்ளைக் கோட்டைச் சுருட்டிப் பைக்குள் வைத்து, அடையாள அட்டையைக் கழற்றிவிட்டு, நோயாளிகளோடு நோயாளியாக வரிசையில் உட்கார்ந்திருந்தார். உலகெங்குமிருந்து ஆய்வுகளைத் திரட்டி 2016-ல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வந்த தொகுப்பில், மருத்துவ மாணவர்களில் 27.2 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. அவர்களில் உதவி தேடிப் போனவர்கள் 15.7 விழுக்காடுதான். மருத்துவமனைக்குள்ளேயே குடியிருப்பவர்களின் நிலை இது.

வீடு

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமம். அப்பா நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சுமை தூக்குகிறார். நாற்பது கிலோ சிப்பத்துக்கு இவ்வளவு என்று கூலி. குறுவை, சம்பா கொள்முதல் நடக்கும் மாதங்களில் வருமானம் இருக்கும், மற்ற நாட்களில் கிடைத்த வேலை. அம்மா நூறு நாள் வேலைக்கும் நடவுக்கும் போகிறவர். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது வீட்டுக் கூரை பறந்துபோய், பள்ளிக்கூடத்திலேயே தங்கி ஒன்பதாம் வகுப்புப் படித்திருக்கிறார் மாணவி. பன்னிரண்டுவரை அரசுப் பள்ளி, தமிழ் வழி. நீட் தேர்வையும் தமிழிலேயே எழுதினார். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-ல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது.

அந்த ஒதுக்கீட்டில் வருபவர்களின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஆகவே 'பணக் கஷ்டம் இல்லை' என்று விவரப் படிவத்தில் யாரோ குறித்திருந்தார்கள். கேட்டுப் பார்த்தால் கதை வேறு. முதல் முறை நீட்டில் மதிப்பெண் போதாமல் ஒரு வருஷம் கோச்சிங் போயிருக்கிறார். அதற்கு அம்மா வாரக் குழுவில் கடன் வாங்கினார். திங்கட்கிழமைதோறும் தவணை. கோச்சிங் முடிந்து, இடம் கிடைத்து, மாலை போட்டுப் படம் எடுத்து எல்லாம் ஆயிற்று. தவணை மட்டும் முடியவில்லை.

ஊரில் இன்னொரு சுமை. முதலாண்டு மாணவியை ஊர் ஏற்கெனவே டாக்டராக்கிவிட்டது. பொங்கல் விடுமுறைக்குப் போன அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டு அத்தை ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து நீட்டியிருக்கிறார். அப்பாயி தன் மூட்டுவலி மாத்திரை அட்டைகளை மடியில் கொட்டி, "எது ஒசத்தின்னு பாத்துச் சொல்லு ஆயி" என்றிருக்கிறார். ரிப்போர்ட்டில் இருந்தது மாணவிக்குப் புரியவில்லை. புரிய வேண்டிய கட்டத்துக்கு அவர் இன்னும் வரவே இல்லை. கொல்லைப்புறம் போய் போனில் ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் பார்த்துவிட்டு வந்து, "பயப்படற மாதிரி ஒண்ணுமில்ல அத்தை" என்று சொல்லிவிட்டார். அதன்பின் மூன்று நாள் தூக்கம் வரவில்லை. ஒருவேளை ஏதாவது இருந்துவிட்டால்?

"தெரியலன்னு சொல்லிருக்கலாமே" என்றேன்.

"எங்க மேம் சொல்றது? அங்க நான் டாக்டர். இங்க ஒண்ணும் தெரியாதவ. ரெண்டு எடத்துலயும் வாயத் தொறக்க முடியல."

மதிப்பீடு

மனச்சோர்வை அளக்கும் பி.எச்.கியூ-9 என்ற ஒன்பது கேள்வி அளவையில் 27-க்கு 14. மிதமான மனச்சோர்வைச் சுட்டும் எண் இது. ஆனால் அது சலித்தெடுக்கும் கருவி மட்டுமே, எண்ணை வைத்து நோயை முடிவு செய்வதில்லை. உணரப்படும் அழுத்தத்தை அளக்கும் பத்துக் கேள்விப் பட்டியலில் 40-க்கு 29. மருத்துவ மாணவர்களுக்கென்றே மலேசியாவில் உருவாக்கப்பட்ட நாற்பது கேள்விப் பட்டியல் ஒன்று உண்டு. அழுத்தத்தின் ஊற்றுகளை ஆறு வகையாகப் பிரித்துக் காட்டும். அதில் படிப்பு சார்ந்தது மிக உயரத்தில் இருந்ததில் வியப்பில்லை. எனக்கு உறைத்தது இரண்டாம் இடம்: கற்பிக்கும் முறை சார்ந்த அழுத்தம். நண்பர்கள், குழு வேலை, மருத்துவராகும் விருப்பம் இவற்றிலெல்லாம் எண்கள் தாழ்வாகவே இருந்தன. படிப்பு பிடிக்காத பிள்ளையில்லை இவர்.

பி.எச்.கியூ-வின் ஒன்பதாம் கேள்வி, இருப்பதைவிட இல்லாமல் போவதே மேல் என்ற எண்ணம் வருகிறதா என்பது. 'சில நாட்கள்' என்று குறித்திருந்தார். இந்தப் பதிலைச் சுற்றி வளைத்து விசாரிக்கக் கூடாது. நேராகக் கேட்டேன். திட்டம் எதுவும் இல்லை, முயற்சி செய்ததும் இல்லை. "எந்திரிக்காம தூங்கிட்டே இருந்தா நல்லாருக்கும்னு தோணும்" என்றார். தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024-ல் தந்த அறிக்கைக்காக 25,590 இளநிலை மாணவர்கள் இணையவழிக் கேள்விகளுக்குப் பதிலளித்தார்கள். அவர்களில் 16.2 விழுக்காட்டினர் தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் வராந்தாவில் நடமாடும் வெள்ளைக் கோட்டுகளில் ஆறில் ஒன்று என்று வைத்துப் பார்த்தால்தான் அந்த எண் உறைக்கிறது.

அன்றே மனநல மருத்துவரும் பார்த்தார். பொருந்துதல் சீர்குலைவு என்று முடிவாயிற்று. புதிய சூழலின் நெருக்கடிக்கு ஈடுகொடுக்க முடியாமல் வரும் பதற்றமும் சோர்வும் கலந்த நிலை அது. மனச்சோர்வு மருந்து உடனே வேண்டாம், இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார். இரும்புச்சத்து மாத்திரை தொடங்கப்பட்டது. காலைச் சாப்பாட்டைப் பல மாதமாக விட்டிருக்கிறார், காரணம் எட்டு மணி வகுப்பு. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு. களைப்பும் படபடப்பும் முழுக்க மனசின் வேலை என்று எழுதிவிடுவதற்கு முன் அந்த 9.4-ஐ யாராவது நிறுத்தி வாசித்திருக்க வேண்டும்.

எலும்பும் விடைத்தாளும்

மாணவி ஒரு நாளைக்குப் பதினான்கு மணி நேரம் படிப்பதாகச் சொன்னார். அறைத்தோழியும் ஆமென்றார். அப்படியானால் மதிப்பெண் எங்கே போகிறது? புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னேன். திறந்த பக்கமெல்லாம் மஞ்சள். அடிக்கோடு போடாத வரியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு பக்கமும் ஆறேழு தடவை வாசிக்கப்பட்டிருந்தது.

எனக்கு உடற்கூறியல் தெரியாது. ஆகவே அனாடமித் துறையின் உதவிப் பேராசிரியர் ஒருவரை வந்து உட்காரச் சொன்னேன். அவரும் தமிழ் வழியில் படித்து வந்தவர். மாணவி சீனியரிடமிருந்து வாங்கிய எலும்புப் பையிலிருந்து மேற்கை எலும்பை எடுத்து மேசைமேல் வைத்தார். தசை தொடங்கும் இடம் சிவப்பிலும் முடியும் இடம் நீலத்திலும் யாரோ எப்போதோ வரைந்தது, பல கை மாறி மங்கிப்போயிருந்தது.

"ஒருத்தர் வண்டியிலேந்து விழுந்து இந்த எலும்பு நடுவுல ஒடஞ்சு வர்றாரு. கைய எப்படி வச்சிருப்பாரு?" என்று கேட்டார் உதவிப் பேராசிரியர்.

மாணவி ஒன்றும் பேசவில்லை. வலக்கையை நீட்டி, மணிக்கட்டைத் தொங்கவிட்டுக் காட்டினார்.

"ஏன் அப்படித் தொங்குது?"

"இந்தப் பள்ளத்துல ஒட்டித்தான மேம் ரேடியல் நர்வ் போவுது." எலும்பின் பின்புறம் சாய்வாக இறங்கும் அந்தப் பள்ளத்தில் விரலை ஓட்டினார். "இங்க ஒடஞ்சா அது அடிபடும். மணிக்கட்டத் தூக்குற தசைக்கெல்லாம் அதுதான் போவுது."

முழுதும் சரி. இதே ரேடியல் நரம்பைப் பற்றிய டெஸ்ட் கேள்விக்கு அவர் வாங்கியது பத்துக்கு மூன்று. விடைத்தாளையும் வாங்கிப் பார்த்தோம். சி5 முதல் டி1 வரை, அந்த நரம்பு தண்டுவடத்திலிருந்து புறப்படும் வேர்களை எழுதியிருக்கிறார். அடுத்த வரியில் ஒரு சொல்லை அடித்து, மறுபடி எழுதி, மறுபடி அடித்து, அங்கேயே நின்றுவிட்டது. மீதிப் பக்கம் வெள்ளை.

"ஒரு வரி போச்சுன்னா அடுத்தது வராது மேம். மொதல்லேந்து சொல்லிட்டு வந்தாத்தான் வரும். நடுவுல கேட்டா வராது."

வாய்மொழித் தேர்வான வைவாவில் நடுவில்தான் கேட்பார்கள்.

பிளஸ் டூவில் பாடத்தின் பின்னால் இருக்கும் கேள்விக்கு வரி பிசகாமல் விடையெழுதினால் மதிப்பெண் கிடைத்தது. நீட்டில் 180 கேள்விக்கும் விடை கண்ணெதிரே இருக்கிறது, நான்கில் எது என்று அடையாளம் கண்டால் போதும். இங்கே எதிரில் ஒன்றும் இல்லை. நினைவிலிருந்து எடுத்து, கட்டி, ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், அதுவும் கேட்பவர் தொடங்கும் இடத்திலிருந்து. மூன்றும் மூன்று வேறு திறமைகள். முதல் இரண்டிலும் ஜெயித்த முறையையே இவர் மூன்றாவதிலும் இன்னும் கடுமையாகப் பிடித்துக்கொண்டார். ஆட்டம் மாறிவிட்டது என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. மதிப்பெண் குறையக் குறைய இன்னும் இரண்டு மணி நேரம் அதிகமாக வாசித்தார், அந்த இரண்டு மணி நேரம் தூக்கத்திலிருந்து போயிற்று.

மறுவாசிப்பின் ஏமாற்று இது. 2006-ல் ரோடிகரும் கார்பிக்கியும் செய்த சோதனை உளவியல் படித்தவர்களுக்குப் பழக்கம். ஒரு பகுதியைத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகவே நினைவுகூர்ந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, வாசிப்பதை நிறுத்திவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். இரவு பன்னிரண்டுக்கு எல்லாம் தெரிந்த மாதிரி இருந்தது, காலை ஒன்பதுக்கு ஒன்றுமில்லை என்று மாணவி சொன்னதை அவர் சோம்பலென்றும் மறதியென்றும் நினைத்துத் தன்னையே திட்டிக்கொண்டிருந்தார்.

2019-ல் வந்த திறன் சார்ந்த பாடத்திட்டம் முதலாண்டின் தொடக்கத்தில் ஒரு அடித்தளப் பயிற்சியை வைத்திருக்கிறது. மொழித் திறனும் அதில் அடக்கம். காகிதத்தில் நல்ல ஏற்பாடுதான். இந்த மாணவிக்கு அதிலிருந்து நினைவிருப்பது விளையாட்டுப் போட்டியும் காலை ஆறு மணி யோகாவும்.

கடிதம்

இரண்டாம் சந்திப்புக்கு இன்னும் நாள் இருக்கும்போதே அறைத்தோழி போன் செய்தார். வருகைப் பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே போனவர்களின் பெற்றோருக்குக் கல்லூரி கடிதம் அனுப்பியிருக்கிறது. கருத்தியல் (தியரி) வகுப்புக்கு 75, செய்முறைக்கு 80 இல்லாவிட்டால் பல்கலைக்கழகத் தேர்வு எழுத முடியாது என்பது விதி, சொல்ல வேண்டியதுதான். ஆனால் மாணவியைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்காமல் ஆங்கிலத்தில் அச்சடித்து வீட்டுக்கு அனுப்பியதை என்னவென்று சொல்வது?

சம்பா கொள்முதல் உச்சத்தில் இருந்த நேரம். தபால்காரர் கடிதத்தைக் கொள்முதல் நிலையத்திலேயே அப்பாவிடம் கொடுத்துவிட்டார். அப்பா அதைப் பட்டியல் எழுத்தரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். ஈரப்பதம் பார்க்கக் காத்திருந்த விவசாயிகள் சுற்றி நின்றார்கள். 'பரீட்சை எழுத விடமாட்டார்களாம்' என்று எழுத்தர் சொன்னது, ஊருக்குள் போவதற்குள் 'நிறுத்திவிட்டார்களாம்' ஆயிற்று. திங்கட்கிழமை குழுக்கூட்டத்தில் அம்மாவிடம் கேட்டிருக்கிறார்கள்.

மாணவியின் நிலை அந்த வாரம்தான் மிக மோசமாக இருந்தது. அனாடமி செய்ததைவிட அந்தக் கடிதம் செய்த சேதம் அதிகம் என்பது என் கணிப்பு. "நான் இல்லன்னா கடன் மட்டும்தான் மிச்சம். இருந்தா அவமானமும் சேருது" என்றார். மனநல மருத்துவர் அன்றே மறுபடி பார்த்தார். பாதுகாப்புத் திட்டம் ஒன்றை எழுதினோம்: எந்த நேரத்தில் எண்ணம் வலுக்கிறது, அப்போது யாரைக் கூப்பிடுவது, இரவில் யார் உடனிருப்பது. அறைத்தோழி, விடுதிக் காப்பாளர் இருவருக்கும் அவர் சம்மதத்தோடு சொன்னோம். 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணைப் போனில் பதிந்தோம். இரவு இரண்டு மணிக்கும் தமிழில் பேச ஆள் உண்டு என்பதும், இந்தக் கல்லூரியோடு தொடர்பில்லாதவர்கள் என்பதும் அவருக்கு நிம்மதியாக இருந்தது.

அப்பா முதல் பஸ்ஸில் வந்தார். வெளுத்த சட்டை, தோளில் சாக்கு உரசிய தழும்பு கழுத்துவரை. "பாப்பாவ வீட்டுக்கு அனுப்பிடுவாங்களாம்மா?" என்பதுதான் முதல் கேள்வி. இல்லை என்றதும் பேச்சில்லாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். முதலாண்டை முடிக்க நான்கு முறைவரை எழுதலாம், தவறினால் துணைத் தேர்வு உண்டு, அதில் தேறினால் அதே பேட்சோடு தொடரலாம் என்று விளக்கினேன். மகள் பக்கத்தில்தான் இருந்தார். இதில் பாதி அவருக்கே புதிதாக இருந்தது. பெயிலானால் பிரேக், பிரேக்கானால் ஒரு வருஷம் போச்சு என்பதுதான் விடுதியில் அவர் கேட்டிருந்தது.

அப்பா மகள் பக்கம் திரும்பி, "ஈரம் பதினேழுக்கு மேல இருந்தா நெல்லத் திருப்பியா அனுப்புறாங்க? காய வச்சு எடுத்தாறச் சொல்றாங்க. அவ்வளவுதான பாப்பா?" என்றார். நான் தயார் செய்து வைத்திருந்த எந்த வாக்கியமும் அவ்வளவு வேலை செய்திருக்காது.

ஊருக்குக் கூட்டிப்போகவா என்று கேட்டார். மாணவி வேண்டாமென்றார். அங்கே போனால் பதில் சொல்லியே மாளாது. அவர் விருப்பப்படி விடுதியிலேயே இருந்தார், ஒரு வாரம் தினமும் என்னை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

செய்தவை

முதலில் தூக்கமும் காலை இட்லியும். இரவு பன்னிரண்டுக்கு மேல் புத்தகம் இல்லை என்றபோது, படிப்பைக் கெடுக்க வந்தவளைப் போல என்னைப் பார்த்தார். இரண்டு வாரத்துக்கு மட்டும் என்று ஒப்பந்தம்.

படிக்கும் முறையை மாற்றியது உதவிப் பேராசிரியர்தான், பெருமை அவருக்கே. மார்க்கர் பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். ஒரு தலைப்பை ஒருமுறை வாசி, புத்தகத்தை மூடு, வெள்ளைத்தாளில் படம் போட்டுத் தெரிந்ததை எழுது, பிறகு திறந்து விட்டுப்போனதை மட்டும் பார். தலைப்புகளைச் சீட்டுகளில் எழுதிக் கலைத்துப் போட்டு, எந்தச் சீட்டு வருகிறதோ அங்கிருந்து தொடங்கு. முதலில் வாய்க்கு வந்த தமிழில் அறைத்தோழிக்குச் சொல், அப்புறம் அதையே ஆங்கிலத்தில். அறைத்தோழி சென்னையில் சி.பி.எஸ்.இ. படித்தவர், ஆங்கிலம் சரளம், ஆனால் படம் போட வராது. இவர் படம் போட்டுக்கொடுக்க, அவர் வைவா எடுக்க, அறைக்குள் ஒரு பண்டமாற்று நடந்தது.

டிசெக்‌ஷன் ஹாலைப் படிப்படியாக அணுகினோம். டெஸ்ட் இல்லாத மத்தியானத்தில் வாசல், அடுத்த நாள் உள்ளே ஐந்து நிமிடம், பிறகு மேசையருகே தோழியோடு. வாந்தி மூன்று வாரத்தில் நின்றது. மூச்சுப் பயிற்சியும் சொல்லிக்கொடுத்தேன், சில நாளில் விட்டுவிட்டார். "அது பண்ணும்போதுதான் மேம் பயம் ஞாபகம் வருது" என்றார். வற்புறுத்தவில்லை.

வீட்டுக்குச் சொல்ல ஒரு வாக்கியத்தை இருவரும் சேர்ந்து தேடினோம். "நான் இன்னும் எலும்புதான் படிக்கிறேன், மாத்திரை ரெண்டு வருஷம் கழிச்சுத்தான்" என்பதில் வந்து நின்றது. அடுத்த முறை ஊருக்குப் போனபோது அப்பாயியிடம் சொல்லிப் பார்த்திருக்கிறார். "இம்புட்டு நாளா எலும்பேவா?" என்று கேட்டதோடு சரி.

துறை அளவில் நடந்தது குறைவு. விட்டுப்போன செய்முறை வகுப்புகளுக்கு ஈடாகக் கூடுதல் வகுப்பு வைத்தார்கள், வருகைப் பதிவு தேறியது. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு மென்ட்டர் என்ற ஏற்பாட்டில் இவருக்கும் ஒருவர் இருந்தார். பட்டியலில் பெயர் பார்த்துத்தான் இருவரும் அறிமுகமானார்கள். அரசு 2022-ல் மருத்துவக் கல்லூரிகளில் தொடங்கிய 'மனம்' என்ற மனநல நல்லாதரவு மன்றத்துக்கு அவரை அழைத்தேன். பேச்சாளர் வந்து ஊக்கமூட்டிய கூட்டத்துக்கு ஒருமுறை போய்விட்டு, இனி போகவில்லை என்றார். சீனியர் அக்கா ஒருவர் தனக்கு அனாடமி போன கதையைச் சொன்ன சின்னக் கூட்டத்துக்கு மட்டும் இரண்டாவது தடவையும் போனார்.

பிறகு

இரண்டாம் மாத முடிவில் பி.எச்.கியூ 8, ஒன்பதாம் கேள்விக்கு 'இல்லை'. மருந்து தேவைப்படவில்லை. ஹீமோகுளோபின் மெல்ல ஏறி 11.2.

பல்கலைக்கழகத் தேர்வில் பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி தேறினார். அனாடமி கருத்தியலில் போயிற்று, செய்முறையிலும் வைவாவிலும் நல்ல மதிப்பெண். முடிவு வந்த அன்று அவராகவே போன் செய்தார். அழுதார், ஆனால் அன்றிரவே அப்பாவிடம் சொல்லிவிட்டார், கடிதம் போவதற்கு முன்பாக. துணைத் தேர்வில் தேறி அதே பேட்சோடு இரண்டாமாண்டு போனார்.

பேத்தாலஜி முதல் இன்டர்னலுக்கு முந்தின நாள் குமட்டல் திரும்ப வந்தது, வாந்தி இல்லை, தேர்வு எழுதினார். படிப்பு முறையில் பாதிதான் நிலைத்திருக்கிறது. சீட்டு கலைப்பது தொடர்கிறது, மார்க்கர் பேனா திரும்பி வந்துவிட்டது. வாரக் குழுத் தவணை இன்னும் பதினோரு மாதம் பாக்கி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பதென்றும், இடையில் தூக்கம் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே போனால் சீட்டு போடாமல் நேராக வந்துவிடுவதென்றும் பேசியிருக்கிறோம்.